உச்சாணியும் நான்கு நாள் மாத்திரையும்

பன்னிரண்டு மாடி உயரத்தில், கட்டுமானக் கிரேனின் கூண்டில் பதினேழு வருடம் உட்கார்ந்து கம்பிக்கட்டுகளைத் தூக்கி இறக்கியவருக்குக் கீழே இருந்தவர்கள் வைத்த பெயர் உச்சாணி. அவருக்கு அதில் பெருமைதான். உயரத்தில் இருப்பவன் உயர்ந்தவன் என்பதை எந்த ஆராய்ச்சியும் இல்லாமல் நம்பியவர். சாப்பாட்டு நேரம் தவிர இறங்குவதில்லை என்பது அவருடைய கௌரவம்.

நாற்பத்தொன்பது வயதில் ரத்த அழுத்தமும் ஏறியது. டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். ஒன்று ரத்தக் குழாயைத் தளர்த்தும். கணுக்கால் கொஞ்சம் வீங்கலாம். மற்றது உடம்பில் மிஞ்சிய உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றும். வில்லங்கம் அங்கேதான். ஏணியில் இறங்கி ஏற அரைமணி நேரம். கீழே அத்தனை பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். இதை டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. வேலை நாட்களில் இரண்டையுமே விட்டார். ஒன்றை மட்டும் விட்டால் மற்றது கோபித்துக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ.

அதே டாக்டரிடம் வருடாந்தர உடல் தகுதிச் சோதனை வந்தது. அழுத்தம் அதிகமென்றால் கூண்டு போய்விடும். விட்டுப்போன நான்கு நாள் மாத்திரையையும் அன்று காலை ஒரே மடக்கில் விழுங்கினார்.

காத்திருந்த நேரத்தில் ஐந்து முறை கழிப்பறைக்கு ஓடினார். கருவி தொண்ணூறுக்கு ஐம்பத்தைந்து என்றது. எண் குறையக் குறைய மதிப்பெண் கூடும் என்று எண்ணி, டாக்டருக்குக் கைகொடுக்க எழுந்தார். பன்னிரண்டு மாடியில் ஒருநாளும் தலைசுற்றாதவர் நாற்காலி உயரத்திலிருந்து விழுந்தார்.

படுக்கவைத்து, காலை உயர்த்தி, மருந்து நீர் ஏற்றி, நடந்ததைக் கறந்தார் டாக்டர்.

"விட்டுப்போனதைச் சேர்த்துப் போடவே கூடாதுங்க. கேட்டிருந்தா வேலை முடிஞ்சு போடுற மாதிரி மாத்திக் குடுத்திருப்பேனே. ஏன் கேக்கல?"

உச்சாணி கூரையைப் பார்த்தார். பதில் கூட வந்திருந்த மனைவியிடமிருந்து வந்தது. "மேலேருந்து பேசித்தான் டாக்டர் இவருக்குப் பழக்கம். எதிர்ல உக்காந்து பேச வராது."

ஒரு மாதம் கூண்டு கிடையாது. கீழே நின்று, மேலே இருந்த மாற்று ஓட்டுநருக்குக் கைஜாடை காட்டினார். மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. மனைவி அட்டையை எண்ணினாள். மறுசோதனையில் டாக்டர் கேட்குமுன்பே கணுக்கால் வீக்கத்தில் தொடங்கி எல்லாவற்றையும் ஒப்பித்தார். கையெழுத்துக் கிடைத்தது.

திரும்ப ஏறிய முதல் நாளே, காலை பதினோரு மணிக்கு உச்சாணி ஏணியில் இறங்கி வந்தார். வேலை நின்று எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன அண்ணே, மாத்திரையா?" என்றார் கம்பி கட்டுபவர்.

"மாத்திரை சாயங்காலம்தான். இது உங்ககூட டீ குடிக்க."

பதினேழு வருடத்தில் அவர் பேசியவற்றில் இதுதான் உருப்படியானது.