மான்குர்த் ஐந்து நாற்பது

இரண்டு கிளைகளுக்கு ஒரே தடத்தில் ரயில் விடுவது, ஒரு தோசைக்கல்லை வைத்துக்கொண்டு இரண்டு பந்திக்குத் தோசை வார்க்கிற வேலை. ஒரு பந்திக்குச் சீக்கிரம் போட்டால் இன்னொன்று காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை யார் தலையில் கட்டுவது என்று முடிவு செய்யத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் லைட் ரயில் மாட்டுங்காவிலிருந்து செம்பூர்வரை ஒரே தடம். அங்கே இரண்டாகப் பிரிந்து ஒன்று மான்குர்த்துக்கும் மற்றது விக்ரோலிக்கும் போகும். மாறி மாறி விட்டுக்கொண்டிருந்தோம். காலையில் கூட்டம் தாங்கவில்லை என்று விக்ரோலிக்காரர்கள் மனு மேல் மனு போட்டார்கள். மான்குர்த் கிளைக்கு ஒருநாள் ஆட்களை அனுப்பித் தலை எண்ணச் சொன்னேன். அங்கிருந்து கிளம்பும் ஐந்து நாற்பது வண்டியில் பாதிக்குமேல் காலி. அதை எடுத்து விக்ரோலிக்குக் கொடுத்தேன். கச்சிதமான வேலை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மாவால் தனியாக நடக்க முடியாது. அவளைப் பார்த்துக்கொள்ள மான்குர்த்திலிருந்து ஒரு அக்கா வருவார், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஆறு பத்துக்கெல்லாம் வந்துவிடுவார். எந்த வண்டியில் வருகிறார் என்று நான் கேட்டதே இல்லை. ஊருக்கே வண்டி நேரம் போடுகிற எனக்கு அது தோன்றவே இல்லை.

புது அட்டவணையின் முதல் நாள், வண்டிகள் செம்பூரில் பிரிவதைப் பார்க்கும் ஆசையில் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம்தானே, அக்கா வந்துவிடுவார் என்று நினைத்தேன். அக்கா வந்து சேர்ந்தது ஆறரைக்கு. அதற்குள் அம்மா தானாக எழுந்து பாத்ரூமுக்குப் போகப் பார்த்து விழுந்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அக்கா சொன்னார். “எங்க அஞ்சு நாப்பது வண்டிய எவனோ எடுத்துட்டாம் சார். அது இருந்திருந்தா அம்மா விழுந்திருக்க மாட்டாவ.”

பிறகு, தலை எண்ணிய தேதியை எடுத்துப் பார்த்தேன். அது அவர்கள் கோயிலில் அசனம் நடந்த நாள். திருவிழாவில் சபையே கூடி உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. மான்குர்த்துத் தமிழ்ப் பெண்கள் அன்றைக்கு வேலைக்குப் போக மாட்டார்கள். அக்காவும் லீவு கேட்டிருந்தார். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன். நான் வீட்டில் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில், நான் அனுப்பிய ஆட்கள் அந்தப் பெண்களின் காலி இருக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இப்போதும் ஆறு மணி தாண்டினால் அம்மாவின் கட்டில் கிரீச்சிடுகிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். அந்தக் கட்டிலை எப்போதோ கொடுத்தாகிவிட்டது. பயமாக இருக்கிறது. ஒருநாள் அந்தச் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயம்.

மறுபடி தலை எண்ணச் சொல்லி, ஐந்து நாற்பதை மான்குர்த்துக்கே திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம், முதலில் எண்ணிய நாள் சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் என்னைப் பார்த்துவிட்டுப் போக அக்கா வந்தார். உட்காரச் சொன்னேன். எல்லாவற்றையும் அன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“வண்டி திரும்ப வந்துட்டு சார். யார் விட்டாவளோ, அவுகளப் பெத்த தாய் நல்லா இருக்கணும்னு கோயில்ல ஜெபம் பண்ணுனேன்.”

காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து உள்ளே போனேன்.