கண்ணாத்தாளின் நொதி

அத்தை மகன் பெரியண்ணனுக்குக் கண்ணாத்தாளைப் பேசி முடிக்க வீட்டில் எல்லாரும் தயாராக இருந்தார்கள். அவளோ ஹைதராபாத் போகத் தயாராக இருந்தாள். புதுக்கோட்டையில் வேதியியல் முடித்தவளுக்கு அங்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இடம் கிடைத்திருந்தது.

"அத்தை மகன்னு ஒருத்தன் காத்துக் கெடக்கான். நீ எங்கிட்டோ போறேங்குற" என்று அம்மா மீனம்மாள் அழுதாள்.

"படிச்சிட்டு வந்திருவேன்மா."

படித்தாள். வரவில்லை. பெரியண்ணன் கீரனூர்ப் பக்கம் பெண் கட்டினான். முறிந்துபோன உறவை ஒட்டவைக்கத் கண்ணாத்தாளின் தம்பி ரத்தினவேலுக்குப் பெரியண்ணனின் தங்கை அழகியைக் கட்டிவைத்தார்கள். நார்த்தாமலைக்குப் பக்கத்து ஊரில் இரண்டு வீடும் மறுபடி ஒன்றாகின. கண்ணாத்தாள் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

ஹைதராபாத்தில் அவளுக்குக் கிடைத்த வேலை நொதிகளைப் பற்றியது. ஹார்மோன்கள் உடம்புக்குள் உருவாகும்போதே வேலைக்கு ஆகும்படி உருவாவதில்லை. நீளமான சங்கிலியாக, எதற்கும் உதவாமல் கிடக்கும். சரியான இடத்தில் ஒரு நொதி வந்து நறுக்கிவிட்டால்தான் அதற்கு உயிர் வரும். நறுக்கு ஓர் இடம் தள்ளி விழுந்தாலும் வீண். எந்த நொதி, எங்கே, எப்போது நறுக்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதில் அவளுடைய இளமை போயிற்று. புரதம் கெட்டுவிடாமல் இருக்கக் குளிர் அறைக்குள்ளேயே வேலை செய்ய வேண்டும். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல், சொட்டுச் சொட்டாக இறங்கும் திரவத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியே வந்தால் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மடங்காது.

பிறகு கனடாவில் சில வருடங்கள். அங்கேதான் அந்த நொதிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புது நொதி அவள் கைக்கு வந்தது. மற்றவையெல்லாம் ஹார்மோன்களை நறுக்க, இது தன்னைத் தவிர வேறு எதையும் நறுக்கவில்லை. எதற்காக இது உடம்பில் இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. கண்ணாத்தாள் விடாமல் அதன் பின்னாலேயே போனாள். அது ஈரலுக்குப் போய்ச் சேர்ந்தது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுக்க ஈரல் செல்களின் மேல் சில கொக்கிகள் உண்டு. இந்த நொதி அந்தக் கொக்கிகளைக் கட்டிப்பிடித்துக் கொண்டுபோய் அழித்துவிடும். கொக்கி குறையக் குறையக் கொழுப்பு ரத்தத்திலேயே தங்கிவிடும்.

அவள் எழுதி முடித்த கட்டுரை அனுப்பப்படாமலே நின்றது. அதே முடிவை இன்னொரு நாட்டு ஆய்வுக்கூடம் முந்திக்கொண்டு வெளியிட்டிருந்தது. அவளுடைய பேராசிரியர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. அறைக்கு வந்து சோறு வடித்தாள். ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் பேசினாள். "ஒடம்பு நல்லா இருக்கா?" என்று அம்மா கேட்டாள். "நல்லா இருக்கேன்" என்றாள். வேறு எதைச் சொல்லுவது?

அம்மா இறந்துபோன பிறகு இந்தியா திரும்பி, ஹைதராபாத்திலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக்கொண்டாள். அந்த நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறிப்போனால் என்ன ஆகும் என்று பார்க்கத் தொடங்கினாள். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆளின் ரத்தம் தேவைப்பட்டது. மாணவர்களிடம் கேட்பானேன் என்று தன் கையையே நீட்டினாள்.

அவளுடைய ரத்தம் ஆரோக்கியமானதாக இல்லை. கொலஸ்ட்ரால் எகிறிக் கிடந்தது. அவளுடைய நொதியிலேயே ஓர் எழுத்து மாறியிருந்தது.

அன்றைக்குத்தான் அப்பா ராசுவின் முழங்கைகள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. மஞ்சளாக, பயறு பயறாகக் கொழுப்புக் கட்டிகள். குதிகாலுக்கு மேலே நரம்பு தடித்திருக்கும். அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அவருடைய அக்காள், அதாவது பெரியண்ணனின் தாயாரும், அதே மாதிரி திடுமென்று போனவர்தான். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தம்பியைத் திருச்சிக்கு வரவழைத்துப் பரிசோதித்தாள். அவனுக்கும் இருந்தது. மாத்திரைக்கு ஏற்பாடு செய்தாள்.

"போட்டுக்கிறேன்க்கா. ஆனா வெளிய சொல்லிப்புடாத. பொம்பளப் பிள்ள வச்சிருக்கேன்" என்றான் ரத்தினவேல்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பொம்பளப் பிள்ளை மோகனப்ரியா. பெரியண்ணனின் மகன் அரவிந்த்குமாருக்கும் அவளுக்கும் நிச்சயம் என்று போன் வந்தபோது கண்ணாத்தாள் விமானம் ஏறி வந்தாள். சின்னஞ்சிறுசுகள் இரண்டும் ஒன்றையொன்று விரும்பியே முடிவான சம்பந்தம். பையன் குனிந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கியபோது அவளுடைய விரலுக்குத் தட்டுப்பட்டது. விரல் கணுக்களின் மேல் கெட்டியாக, மஞ்சளாகத் தடிப்பு. இருபத்தேழு வயதுப் பையன்.

தட்டு மாற்றி முடியும்வரை பொறுத்தாள். பிறகு தம்பியையும் பெரியண்ணனையும் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னாள்.

"கல்யாணத்த நிப்பாட்டச் சொல்லல. புள்ளைங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துருவோம். மாத்திரை இருக்கு, நல்லா இருப்பாங்க. ஆனா ரெண்டு பேருக்குமே இருந்துச்சுன்னா, பொறக்குற பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் சேந்து வர வாய்ப்பு இருக்கு. அது சின்ன வயசுலயே நெஞ்சத் தாக்கும். தெரிஞ்சு செஞ்சா சமாளிக்கலாம்."

பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

"அன்னைக்கு என்னைய வேண்டாம்னுட்டுப் போன. இன்னைக்கு எம் மகனும் ஒனக்கு ஆகலயா?"

"அப்படியில்ல, நான் சொல்றதக் கேளுங்க…"

"எங்க ரத்தம் கெட்ட ரத்தமா? அது உங்கப்பன் வீட்டு ரத்தந்தானத்தா!"

அவன் சொன்னதில் தப்பில்லை. அதைத்தான் அவளும் சொல்ல வந்தாள். ஆனால் குரல் கூடத்துக்கு எட்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அழகி வாசலில் உட்கார்ந்து அழுதாள். "தனக்குத்தான் ஒண்ணும் வாய்க்கல, எம் பிள்ள வாழ்க்கையில ஏன் மண்ணள்ளிப் போடணும்?" மோகனப்ரியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாத்தாள் அந்தக் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றாள். தம்பி வந்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா" என்றான்.

அடுத்த பங்குனியில் பெரியண்ணன் டிராக்டரிலிருந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கண்ணாத்தாள் சாவுக்கு வந்தாள். பெண்கள் கட்டியழுத வட்டத்தில் அவளுக்கு யாரும் கைகொடுக்கவில்லை. சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பும்வரை சுவரோரம் நின்றுவிட்டு நடக்கத் தொடங்கினாள். நான் சொன்னதுதான் நடந்தது என்ற எண்ணம் ஒரு கணம் எழுந்தது. எழுந்ததற்கே கூசிப்போனாள்.

பின்னாலேயே மொட்டைத் தலையோடு அரவிந்த்குமார் ஓடி வந்தான்.

"பெரியம்மா, ரத்தம் எங்கன எடுக்கணும்?"

திருச்சியில் எடுத்தார்கள். நெஞ்சையும் படமெடுத்துப் பார்த்ததில் ரத்தக்குழாய் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவள்தான் கூட இருந்தாள். மூன்றாம் நாள் அவன் அம்மா வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிறகு அவன் சிங்கப்பூர் போய், அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். மோகனப்ரியாவைத் தஞ்சாவூரில் கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்குக் கண்ணாத்தாளுக்குப் பத்திரிகை வந்தது. வரச்சொல்லி ஒருவரும் பேசவில்லை. அவள் போகவில்லை.

மோகனப்ரியாவும் ரத்தம் பார்த்திருந்தாள் என்பது வாட்ஸப்பில்தான் தெரிந்தது. பரிசோதனைச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஒரு சொல் கூட எழுதவில்லை. எந்த மாத்திரை, எவ்வளவு, யாரைப் பார்க்கவேண்டும் என்று கண்ணாத்தாள் பதில் எழுதினாள். நலமா என்றும் எழுதி, அழித்துவிட்டாள். அதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு சீட்டு வரும். எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன.

ஓய்வு பெற்றதும் ஹைதராபாத்தில் அவளுக்கு இருக்கப் பிடிக்கவில்லை. புதுக்கோட்டையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். பக்கத்தில் இருந்தால் யாராவது வருவார்கள் என்று நினைத்திருக்கலாம். ரத்தினவேல் சந்தைக்கு வரும்போது வாசலில் நின்று, "சாப்பிட்டியாக்கா?" என்பான். உள்ளே வா என்றால், வண்டி நிக்குது என்பான்.

இந்த ஆடியில் ஒரு காலை போன் அடித்தது. மோகனப்ரியாவின் குரலைக் கேட்டு நாலு வருடம் ஆகியிருந்தது.

"அத்தை, நான் மாசமா இருக்கேன். நேத்துதான் தெரிஞ்சுச்சு. அந்த மாத்திரையப் போடலாமா?"

"போடாதம்மா. இன்னைக்கே நிப்பாட்டு. பாக்குற டாக்டரம்மாகிட்டயும் சொல்லிரு. பிள்ள பொறந்து பால்குடி மறக்குற வரைக்கும் அவுங்க சொல்றபடி கேளு."

"நேத்து வரைக்கும் போட்டுட்டேனே. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"ஆகாது. பயப்படாத. ஸ்கேன்ல பாத்துக்குவாங்க."

அவள் இன்னும் ஏதாவது கேட்பாள் என்று கண்ணாத்தாள் காத்திருந்தாள்.

"சரி அத்தை. வச்சிடுறேன்."

"சரிம்மா."

போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. தம்பிக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரியாவிட்டால், மகள் முதலில் உன்னிடமா சொன்னாள் என்று அதற்கும் ஒரு வருத்தம் வரும். பழைய மாணவர்களிடம் சொல்ல இது ஆராய்ச்சி முடிவில்லை.

தெருவில் கீரைக்காரம்மாளின் குரல் கேட்டது. கண்ணாத்தாள் மாடிப்படி இறங்கிப்போனாள். வேண்டாத முளைக்கீரையில் இரண்டு கட்டு வாங்கினாள்.

"என்னங்கம்மா, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்களா?"

"இல்ல. எந்தம்பி மக மாசமா இருக்கு."

"அடி ஆத்தா, நல்ல சேதியால்ல சொல்றீங்க! சொகமாப் பெத்துப் பொழைக்கட்டும்" என்று சொல்லி, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.