சண்டை பிடிக்கப் படித்த பாஷை

ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒரு புதுப் பாஷை படிக்கப் போனது அறிவை வளர்க்க இல்லை. மருமகளோடு ஒழுங்காக ஒரு சண்டை பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மருமகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தில்லையடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற என் மகனிடம், கண்ணாடி உடைந்த போனோடு வந்தவள். மூன்றே மாதத்தில் அவன் கையால் கதைக்கப் பழகிவிட்டான். பள்ளிக்கூடத்தில் சிங்களப் பாடத்தில் ஒரு நாளும் பாஸாகாதவன்! காதல் வந்தால் மூளையும் இளகிவிடும் போல.

நானோ வாயால் வாழ்கிறவள். மீன்காரனோடு கதைப்பேன், பக்கத்து வீட்டோடு கதைப்பேன், யாரும் இல்லாவிட்டால் அடுப்பில் இருக்கிற கறியோடு கதைப்பேன். எனக்கென்று பார்த்து அல்லாஹ் இப்படி ஒரு மருமகளைத் தந்தான். கறிக்கு உப்புக் காணாது என்று அவளிடம் சொல்வதற்கும் மகன் கடையிலிருந்து வரவேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தால் அவர்கள் இரண்டு பேரும் கை பறக்கக் கதைப்பார்கள், சிரிப்பார்கள். நடுவில் ஒரு சைகை வரும். இரண்டு விரலைச் சேர்த்து வாயோரத்தில் வைத்து, பல்லைக் கடித்து, ஒரு சின்ன இழுப்பு. அது வந்ததும் இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள்.

"என்னடா என்னப் பத்திக் கதைக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல உம்மா."

ஒன்றுமில்லாததற்கா இந்தச் சிரிப்பு? என் மேசையில், நான் ஆக்கிய சோற்றைத் தின்றுகொண்டு! எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குக் கீழே பயமும் இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வீட்டுக் கதையில் இனி எனக்கு இடமில்லையோ என்ற பயம்.

புத்தளம் டவுனில் சனிக்கிழமை தோறும் சைகை வகுப்பு நடந்தது, காது கேளாத பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும். போய்ச் சேர்ந்தேன். இருந்ததில் கிழடு நான்தான். ஐந்து வயதுக் குஞ்சுகள் பார்த்ததை அப்படியே கையில் போட்டுவிட்டு விளையாட ஓடிவிடும். நான் மட்டும், "ஏன் டீச்சர் பாலுக்கு இப்பிடி? தண்ணிக்கு ஏன் அப்பிடி?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். கை அசைந்தால் வாயும் சேர்ந்து அசையும். வாயை மூடச் சொன்னால் கை நின்றுவிடும்.

டீச்சர் என் மருமகளின் வயதுப் பிள்ளை. "உம்மா, நீங்க முதல்ல தமிழ்ல வசனம் கட்டி, பிறகு அதச் சொல்லுச் சொல்லாக் கைக்கு இறக்கிறீங்க. அதான் சுணங்குது. வளந்த மூளைக்கு வெக்கமும் கூட. பிழை விடுங்க, பரவாயில்ல" என்றாள்.

பிழை விடுவதில் நான் குறை வைக்கவில்லை. மருமகளிடம் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டேன். ஓடிப்போய்க் குடையை எடுத்துவந்தாள். இரண்டு மாதமாக ஒன்றும் ஏறவில்லை. இரவு படித்தது விடிந்தால் இல்லை. அலுமாரி, கதிரை, பாண் என்று கண்டதையெல்லாம் கையால் சொல்லிப் பார்த்தேன். பஸ்ஸில் இப்படித் தனியாகக் கையை ஆட்டியதில், பக்கத்தில் இருந்த பொம்பிளை எழும்பி வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் காலையில் பால் பொங்கியது. வழக்கமாக, "அல்லாவே, பால்!" என்று கத்துவேன், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும். அன்றைக்கு வாய் திறக்கமுன் கை எழும்பிவிட்டது. அவள் பாய்ந்து அடுப்பை அணைத்தாள். நான் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். தமிழிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்தக் கை எப்படித் தனியே போனது? எனக்குத் தெரியாமலே தலைக்குள் ஒரு குறுக்குப் பாதை விழுந்திருக்கிறது.

சரி, இனிச் சண்டைக்கு நேரம் என்று முடிவெடுத்தேன்.

அன்று பகல் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்றாள். பானை கொதிப்பது எனக்குக் காதில் கேட்கும். அவள் மூடிமேல் துணியைப் போட்டு உள்ளங்கையை வைத்து, அது நடுங்குகிறதா என்று பார்ப்பாள். நான் கையைக் கழுவிக்கொண்டு அவளுக்கு முன்னால் போய் நின்றேன். சாப்பாட்டு மேசையில் வருகிற அந்தச் சைகையைச் செய்து காட்டி, இது என்ன, யாரைச் சொல்கிறாய், முகத்துக்கு நேரே சொல் என்று கையால் கேட்டேன். சைகையில் முகமும் கோபப்படவேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அதற்கு எனக்கு வகுப்புத் தேவைப்படவில்லை.

அவள் திகைத்துப்போனாள். பிறகு என்னைக் காட்டினாள். "நீங்கதான் மாமி. உங்கட பேர்."

காது கேளாத ஆட்கள் ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு பேர் வைப்பார்களாம். அவள் என் வாயைச் சுட்டிக் காட்டினாள். முக்காட்டு நுனி என் பல்லில் இருந்தது. வேலை செய்யும்போது விழாமலிருக்க அதைக் கடித்துக்கொள்வது என் பழக்கம். முழுச் சண்டையையும் வாயை மூடிக்கொண்டே பிடித்திருக்கிறேன், நான்!

"நான் வந்த நாள் எல்லாற்ற வாயும் அசைஞ்சுது. உங்கட வாய் ஆக வேகம். பயந்திட்டன்" என்று அவள் கைகள் சொல்லின, எனக்காக மெல்ல மெல்ல. "பிறகு இதக் கடிச்சுக்கொண்டு மீன் வெட்டினீங்க. அப்பதான் உங்கட முகத்தப் பாத்தன். நல்ல முகம்."

அவள் ஆசையோடு கேட்டாள், "எனக்கு நீங்க என்ன பேர் வெச்சிருக்கீங்க?"

மீன்காரனிடம், பக்கத்து வீட்டில், வகுப்பில்கூட, "மகன்ட வாய் பேசாத பொண்டாட்டி" என்றுதான் நான் அவளைச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரம் பானை மூடி நடுங்கியது. நான் இடது கையைப் பொத்தி, வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்து, மெல்ல நடுக்கிக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், சத்தமாகச் சிரித்தாள். பிறகு என் விரல்களைப் பிடித்து, இவ்வளவு இறுக்கம் வேண்டாம் என்று திருத்திவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டாளிமார் வைத்த பேர் ஒன்று அவளுக்கு முன்னமே இருக்கிறதாம், மகன் பிறகு சொன்னான். வீட்டுக்கு இது இருக்கட்டும் என்றாளாம்.

சண்டையும் பிடித்தோம், அடுத்த நாளே, கறிக்குப் புளி கூடிப்போனதற்கு. தோற்றது நான்தான், அவளுடைய கைக்கு ஈடுகொடுக்க யாரால் முடியும்? ஆனால் தொடங்கியது நான். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தொடங்கினேன்.