நான் தூக்கிய குண்டு விமானம்

இறக்கை நூற்றிரண்டு அடி. நீளம் அறுபத்தொன்பது அடி. நான்கு எஞ்சின். உலகப் போரில் ஏழு பேர் ஏறிப்போய்க் குண்டு போட்டு வந்த விமானம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத என் வாயில் இந்தக் கணக்கு இன்றைக்கும் பிசகாது. எழுபதுகளில் ஷார்ஜா மணலில் கிடந்த அதைத் தூக்கியவன் நான். படித்தவர்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள், நின்றார்கள் அவ்வளவுதான்.

தூத்துக்குடியில் தோணிக்குச் சரக்கு ஏற்றிய நான், அங்கே கிரேனுக்குக் கயிறு கட்டும் ரிக்கர். விமானத்தை ஒரு வெள்ளைக்காரர் வாங்கியிருந்தார். அதை டிரெய்லரில் ஏற்றி, மணல் வழியே கடற்கரையில் நிற்கும் படகுக்குக் கொண்டுபோக வேண்டும். அவருடைய எஞ்சினியர் ஆங்கிலத் தாள் ஒன்றைக் கொடுத்து, படித்தாயா என்று இந்தியில் கேட்டார். தலையை ஆட்டினேன். விமானம் உடைந்தால் விசா ரத்து, ஊருக்கு டிக்கெட் என்று கம்பெனி சொல்லியிருந்தது.

தோணியில் கனமானதைத்தான் முதலில் இறக்குவோம். அந்தப் பழக்கத்தில் நான்கு எஞ்சினையும் கழற்றச் சொன்னேன். பிறகு, தாளில் இருந்த படத்தைப் பார்த்து அதே இடங்களில் கயிறு கட்டினேன்.

கிரேன் இழுத்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது, வால் மணலை விட்டு எழவில்லை. இறக்கை முனகியது.

"கலாஸ், கலாஸ், போதும், இறக்கு" என்றேன்.

இறங்கியது. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சென்னைக்காரர், டிப்ளமோ படித்த எங்கள் சூப்பர்வைசர், பின்னாலேயே வந்தார்.

"தாள்ல என்னண்ணே போட்டிருக்கு?"

"எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, சார்."

"பின்ன எஞ்சினியர் கேட்டப்ப ஏன் அப்படித் தலைய ஆட்டினீங்க?"

"ஆட்டத் தெரியும்லா."

அவர் சிரிக்கவில்லை. தாளை வாங்கி வாசித்தார். "எஞ்சின் மாட்டியிருக்கும்போதுதான் இந்த இடத்துல கயிறு கட்டணுமாம். முன்னாடி இருந்த கனத்தைக் கழட்டிட்டீங்க, வால் உக்காந்துடுச்சு. திரும்ப மாட்ட நாலு நாள் ஆகும். படகு நாளைக்கே கிளம்புது."

"ஒரு எஞ்சின் எவ்வளவு கனம், சார்?"

"ஆயிரத்து அறுநூத்து நாப்பது பவுண்டு. எழுநூத்து நாப்பது கிலோ சொச்சம்."

"அப்ப பதினஞ்சு மூட்டை சிமெண்டு. நாலுக்கும் அறுவது. துபாய்ல நம்ம அல் கூஸ் குடோன்ல இருந்து வரச் சொல்லுங்க. எஞ்சின் இருந்த சட்டத்துலயே தொங்க விடுவோம்."

"இது எந்தப் புஸ்தகத்துலண்ணே இருக்கு?"

"தோணி சாஞ்சா நாங்க புஸ்தகமா தேடுவோம்?"

மூட்டை வரும் வரை நான் உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் மூன்று முறை இழுத்துப் பார்த்தேன். இரண்டாம் முறை கிரேன் இழுத்தபோது வாலும் மூக்கும் ஒன்றாகவே எழுந்தன. நூற்றிரண்டு அடி இறக்கை, தராசுத் தண்டுபோலச் சமமாக, டிரெய்லருக்கு மேல் வந்து இறங்கியது.

எஞ்சினியர் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"விசா தப்பிச்சுது. இப்பவாவது உக்காருங்கண்ணே" என்றார் சூப்பர்வைசர்.

"டிரெய்லர் நகரட்டும், சார்" என்றேன்.