புளோரன்ஸில் காய்ச்சிய கோழிக்கறி

இத்தாலிக்குப் போகிற எங்கள் ஆட்களின் பெட்டியைத் திறந்து பார்த்தால், இவர்கள் ஏதோ பஞ்சம் பிடித்த தேசத்துக்குப் போகிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். எங்களோடு வந்த குடும்பத்தின் பெட்டியில் ஒரு ரைஸ் குக்கர் இருந்தது. அதன் வயிற்றுக்குள் வறுத்த மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால் மா, ஊறுகாய்ப் போத்தல், ஒரு பை முந்திரிப்பருப்பு, எங்கள் பேச்சில் கஜு. ஆயிரம் வருடமாய்ச் சீஸும் தக்காளியும் கோழியும் சமைக்கிற ஊருக்கு இவ்வளவும் போயின. தக்காளிக்கு ஆயிரம் வருடம் ஆகவில்லை என்று என் மகள் திருத்துவாள். திருத்தட்டும்.

அவர்கள் சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள். பிள்ளைகள் கல்யாணம் முடித்துப் போய்விட்டார்கள். அந்த வீட்டுக்காரரை என் கணவர் அண்ணை என்பார். அவருடைய மனைவி எங்களுக்கு அக்கா. மகளுக்கு அங்கிள், அன்ரி. அண்ணை ஏற்கெனவே ஐரோப்பா பார்த்தவர். அந்த ஒரு தகுதியில் பயண ஏற்பாடு முழுவதும் அவர் கைக்குப் போய்விட்டது. புளோரன்ஸின் பெரிய கோபுரத்துக்குப் பக்கத்தில் நான் பார்த்து வைத்திருந்த ஹோட்டலை அவர் ஒரே வசனத்தில் தள்ளினார்.

"குசினி இல்லாத இடத்தில என்னெண்டு ஒரு கிழமை இருக்கிறது?"

ஆகவே ஆற்றுக்கு மறுகரையில், பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு மூலையில், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில், சமைக்கக் குசினி உள்ள ஒரு வீட்டில் நாங்கள் எல்லாரும் இறங்கினோம். ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு டயர்க் கடை தெரிந்தது.

என் மகளுக்குப் பதினாறு வயது. முந்திரிப்பருப்பும் பிஸ்தாவும் அவளுக்கு ஆகாது. ஆகாது என்றால், சாப்பிட்டால் வயிறு ஊதும் என்ற கணக்கில் இல்லை; மூச்சுக்குழாய் அடைபடும். நடக்கப் பழகிய வயதில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரு துண்டு கேக் தின்று, முகம் வீங்கி, ஆம்புலன்ஸில் போனவள். அன்றிலிருந்து மஞ்சள் பையொன்றில் இரண்டு அட்ரினலின் ஊசிகள் அவளோடு போகும். பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் இது தெரியும். கூடைப்பந்துக் குழுவில் உள்ள பிள்ளைகளுக்குக்கூட ஊசியை எங்கே குத்துவது என்று தெரியும். தெரிந்தும் நம்பாதவர்கள் எங்கள் ஆட்கள் மட்டும்தான்.

"ஊரில ஆருக்கு இந்த வருத்தம் இருந்தது?" என்பார் அக்கா. "இஞ்ச பிறக்கிற பிள்ளையளுக்குத்தான். ஆஸ்பத்திரிக்காரர் பயப்பிடுத்தி வச்சிருக்கினம்."

புறப்படும் முன்னர் அவரிடம் சொன்னேன். புளோரன்ஸில் குசினிக்குள் அந்தப் பருப்புப் பையைக் கண்ட அன்றும், இதைத் திறக்க வேண்டாம் அக்கா என்று மீண்டும் சொன்னேன். மாலையில் அண்ணை விஸ்கியோடு கொறிக்கக் கொண்டு வந்தது, நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குத் தெரியாதா என்றார். பையைச் சுருட்டி மேல் தட்டில் வைத்தார். நான் அதற்கும் மேலே ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

அந்தக் கிழமை நாங்கள் ஊர் பார்த்த அழகைச் சொல்கிறேன். உலகம் முழுவதிலுமிருந்து மனிதர்கள் வந்து அண்ணாந்து பார்க்கிற கோபுரத்துக்கு அண்ணை முதுகைக் காட்டி நின்றார். அவருக்கு வேண்டியது அவரும் பின்னால் அதுவும் இருக்கிற ஒரு படம். எடுத்து முடிந்ததும் கழிவறை எங்கே என்று கேட்டார். பழைய பாலத்தின் நகைக்கடைகளில் அக்கா வெகுநேரம் நின்றார். இதெல்லாம் பதினெட்டுக் கரட் தங்கம், பித்தளைக்குச் சொந்தம் என்று முடிவு சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்தக் கடைகளுக்குக் கீழே ஓடிய ஆற்றை அவர் எட்டியும் பார்க்கவில்லை. பளிங்கில் செதுக்கிய அந்தப் பெரிய ஆண் சிலைக்கு முன்னால் அக்கா தரையைப் பார்த்தார். அண்ணை இடுப்புக்கு மேலே மட்டும் படம் எடுத்தார், வீட்டில் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்களாம்.

சந்தை வாசலில் மாட்டுக் குடலை அவித்து, பாண் ரொட்டிக்குள் வைத்து, பச்சைச் சட்னி போல ஒன்றைத் தடவி விற்கிறார்கள். அலுவலகம் போகிறவர்கள் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். அண்ணை மூக்கைப் பொத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெரிலேண்ட்ஸ் இறைச்சிக்கடையில் ஆட்டுக்குடல் வேண்டி, அரை நாள் கழுவி, கறி வைத்து எங்களையும் கூப்பிடுகிற மனிதர் அவர். அந்த ஊர்ப் பாணில் உப்புப் போடுவதில்லை. அது அவர்களுடைய பழைய வழக்கம். அதற்கும் ஒரு விமர்சனம் இருந்தது.

"சப்பெண்டு இருக்கு. இந்த ஊரில உப்புக்குத் தட்டுப்பாடோ?"

மத்தியானம் ஆனால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். சோறு காத்திருக்கிறது. சாப்பிட்டால் தூக்கம் வரும். தூங்கி எழுந்தால் தேத்தண்ணி. பிறகு அருங்காட்சியகம் பூட்டுகிற நேரம். புளோரன்ஸ் என்பது இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் உள்ள ஓர் இடைவெளி என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் சிரித்ததை அவர்கள் கவனிக்கவில்லை.

ஒரு நாள் நாங்கள் மூவரும் மட்டும் தப்பினோம். சந்துக்குள் இருந்த சிறிய உணவகத்தில், ஒவ்வொரு சாப்பாட்டின் பக்கத்திலும் இன்னின்ன ஒவ்வாமைப் பொருள் உண்டு என்று குறிபோட்டிருந்தார்கள். ஆனாலும் நான் பரிசாரகப் பெண்ணை மூன்று தரம் குசினிக்கு அனுப்பிக் கேட்க வைத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. பழைய பாணைத் தக்காளியோடு கரைத்துக் காய்ச்சிய ஒரு கூழ் மகளுக்கு வந்தது. எங்கள் புட்டும் குழம்பும் பிசைந்தது போன்ற பதம். அவள் கோப்பையை வழித்து உண்டாள். நான் அவளுடைய உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முன்னால் இருந்தது என்ன சாப்பாடு என்று இப்போது நினைவில்லை.

அன்று மாலை அண்ணையின் முகம் இறுகியிருந்தது. எங்களோடு சாப்பிட விருப்பமில்லைப் போல என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். இவருக்கு அது தாங்காது.

"நாளைக்கு மத்தியானம் அவையோட சாப்பிடுவம். நீர் ஒண்டும் கதையாதையும்," என்றார்.

மறுநாள் காலை அக்கா வெளியே வரவே இல்லை. புளோரன்ஸில் ஒரு முழுக் காலைப் பொழுதை அவர் வெங்காயம் உரித்துக் கழித்தார். நாங்கள் திரும்பி மாடி ஏறும்போதே கோழிக்கறி வாசம் படியெல்லாம் இறங்கி வந்தது. கறி வழக்கத்தைவிடக் கொழகொழவென்று, வெள்ளை பாய்ந்திருந்தது. இதற்குள் பருப்பு ஒன்றும் இல்லைத்தானே அக்கா என்று கேட்டேன்.

"கோழிக்கறிக்குள்ள ஆர் பருப்புப் போடுவினம்?" என்று சிரித்தார்.

அது பதில் இல்லை, கேள்வி. ஆனால் சாப்பாட்டு மேசையில், பரிமாறுகிற கையோடு ஒரு மூத்த பெண் அப்படிச் சிரித்தால் எங்கள் பேச்சில் அதற்கு இல்லை என்றுதான் அர்த்தம்.

மகள் இரண்டு வாய் உண்டாள். மூன்றாவது வாயை எடுத்தவள் அதைத் தட்டில் வைத்தாள். தொண்டை அரிக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு இருமத் தொடங்கினாள். கழுத்தில் சிவப்புத் தடிப்புகள் எழும்பி என் கண் முன்னாலேயே கன்னத்துக்கு ஏறின. உதடு வேறு யாருடைய உதடோ போல ஆனது. நான் அவளைத் தரையில் கிடத்தி, மஞ்சள் பையைத் திறந்து, தொடையில் ஊசியை அழுத்திப் பிடித்தேன். பயிற்சி ஊசியில் எத்தனையோ தரம் செய்த காரியம். உண்மையான ஊசி 'டக்' என்று பாயும்போது கையில் ஓர் அதிர்வு வரும். அந்த அதிர்வு இன்னும் என் கைக்குள் இருக்கிறது.

கணவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, முகவரியைத் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார். அண்ணை தண்ணீர் கொடுங்கோ, தண்ணீர் கொடுங்கோ என்றார். மகளின் மூச்சு விசில் போல இழுபட்டது. இரண்டாவது ஊசியையும் குத்தினேன்.

அப்போதுதான் அக்கா சொன்னார், குசினி வாசலில் நின்றபடி.

"தேங்காய்ப்பால் முடிஞ்சுபோச்சு. கஜு கொஞ்சம்தான் அரைச்சு விட்டனான். அவிஞ்சால் ஒண்டும் செய்யாது எண்டு நினைச்சன்."

அவிந்தால் ஒன்றும் செய்யாது. வாழ்க்கை முழுவதும் குசினியில் நின்ற பெண்ணின் விஞ்ஞானம் அது. தேங்காய்ப்பால் இல்லாவிட்டால் கறியை நீராக விடலாம். விட்டால் கறி எடுபடாது. என் பிள்ளையின் மூச்சுக்கும் கறியின் தடிப்புக்கும் நடுவில் அவர் கறியைத் தேர்ந்தெடுத்தார். நாங்கள் நடுங்க வேண்டியது இத்தாலிக்காரனின் பிஸ்தா ஐஸ்கிரீமுக்கு என்று நினைத்து, ஒவ்வொரு கடையையும் நான் தெரு மாறிக் கடந்திருந்தேன்.

வந்த ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை ஒரு நாற்காலியில் கட்டி, அந்த ஒடுங்கிய படிகளில் இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு வைத்திருந்தார்கள். அவளுடைய விரலில் மாட்டியிருந்த கருவியின் எண்ணைத் தவிர அந்த நகரத்தில் நான் அதன் பிறகு வேறொன்றையும் பார்க்கவில்லை.

அண்ணையும் அக்காவும் மறுநாள் பீசாவுக்குப் போனார்கள். கட்டிய காசு வீணாகுமாம். சாய்ந்த கோபுரத்தை இரண்டு கையாலும் தாங்கிப் பிடிக்கிற அண்ணையின் படம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்குக் கீழே, பிள்ளைக்காகப் பிரார்த்திக்கிறோம் என்று கும்பிடும் கைகள். மாலையில் ஃபிளாஸ்கில் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று மகள் கேட்டாள். அக்காவுக்கு அந்தக் கேள்வி வலித்துவிட்டது. கண் கலங்கினார். கணவர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"அவ வேணுமெண்டே செய்தவ? விடும் இனி."

விட்டேன். மீதி நாட்களில் சண்டை பிடிக்கவில்லை. அதே விமானத்தில், அதே வரிசையில் திரும்பி வந்தோம்.

சிட்னிக்கு வந்து சில வாரங்களில் அவர்கள் வீட்டில் ஒரு சாப்பாடு. போகாவிட்டால் கதை வரும் என்று கணவர் சொன்னார். மகளும் வருகிறேன் என்றாள்; எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாலைந்து குடும்பங்கள் வந்திருந்தன. பெரிய டிவியில் இத்தாலி ஓடியது. இடுப்புக்கு மேலே சிலை, முதுகுக்குப் பின்னால் கோபுரம். சாப்பாடு மட்டும் சரியில்லை என்று அண்ணை விளக்கிக்கொண்டிருந்தார். பிளாக்டவுனிலிருந்து வந்திருந்த ஒரு பெண், அங்கே பிள்ளைக்கு ஏதோ வருத்தமாமே என்று அக்காவைக் கேட்டார். மகள் அந்த இருவருக்கும் நடுவில், தண்ணீர்க் கிளாசோடு உட்கார்ந்திருந்தாள்.

"வெளிச்சாப்பாடு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்லை," என்றார் அக்கா. "உவங்கள் எதுக்குள்ள எதைப் போடுறாங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

தட்டில் கை வைத்திருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பார்த்தபோது எனக்கு விளங்கியது. இது இன்று பிறந்த கதை இல்லை. பல வீடுகளைச் சுற்றி, நன்றாக அவிந்து வந்த கதை. புளோரன்ஸில் எங்களுக்காகக் குசினிக்கும் மேசைக்கும் மூன்று தரம் நடந்த அந்தப் பெண் பென்டில் ஹில்லில் குற்றவாளியாகிவிட்டாள்.

என் மகள் சபையில் தமிழ் பேச மாட்டாள். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்ற கூச்சம். அன்று பேசினாள். குரல் உயரவில்லை.

"அன்ரி, அது உங்கட கறி. நீங்கள்தான் கஜு போட்டனீங்கள்."

டிவியில் மட்டும் படம் மாறியது. பெரிய ஆட்களோடு இப்படியா கதைப்பது என்று அண்ணை என்னைப் பார்த்துக் கேட்டார். வளர்ப்பைப் பற்றிய கேள்வி ஆகையால் தாயைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

"அவள் சொன்னது சரி," என்றேன். "நான் ரெண்டு தரம் சொன்னனான். சாப்பிடேக்கையும் கேட்டனான். இவ சிரிச்சவ."

அக்கா அழத் தொடங்கினார். பெண்கள் எழுந்து அவரைச் சூழ்ந்தார்கள். முதுகைத் தடவினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், உனக்குத் தெரியாதுதானே என்றார்கள். மூச்சு நின்றுபோகப் பார்த்த பிள்ளை தன் கிளாசை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அவள் முன்பின் தெரியாத எந்த உணவகத்திலும் கேட்டு விசாரித்துச் சாப்பிடுகிறாள். எங்கள் ஆட்களின் வீட்டில் தண்ணீர் மட்டும்தான்.

நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அண்ணை வழியனுப்ப வந்து நின்றார். அந்த மரியாதையை மட்டும் அவர் விடமாட்டார். எங்களில் யாரும் ஒரு வீட்டை விட்டு வெளிக்கிடும்போது போகிறோம் என்று சொல்வதில்லை. போட்டு வாறம் என்றுதான் சொல்வோம். திரும்பி வருவோம் என்பது அதற்குள் இருக்கும். கோபத்தில் இருந்தாலும், அவசரத்தில் இருந்தாலும் நாக்கு தானாகவே அதைச் சொல்லிவிடும்.

"போறம்," என்றேன்.

அண்ணையின் கை கதவில் அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் கணவர் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் அவசரமாக, போட்டு வாறம் அண்ணை, போட்டு வாறம் என்று இரண்டு தரம் சொன்னார். மகள் அதற்கு முன்னரே போய்க் காரில் ஏறியிருந்தாள்.