அந்துப்பூச்சிக்கு ஒரு கேட் பாஸ்

தாம்பரத்தில் வாலாஜாபாத் பஸ் ஏறி, படப்பை தாண்டிச் சேரப்பணஞ்சேரியில் இறங்கினோம். டிக்கெட் ஏழு ரூபாய். 2003 ஐப்பசி, மழை விட்ட மாலை. மங்கை டீச்சர் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்ட எனக்கு அவர் பெட்டிகளைச் சுமக்கும் வேலை. கூலி, சாப்பாடு.

போன வருஷம் இங்கே காட்டில் அவர் ஒரு பெண் அந்துப்பூச்சியைப் பிடித்திருந்தார். காய்ந்த இலை நிறம், பின்னிறக்கை மஞ்சள். இதே இறக்கையோடு இரண்டு இனங்கள் உண்டாம். ஒன்று எங்கும் கிடைப்பது. மற்றதை மேற்கு மலைக் காடுகளுக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை. ஆண் பூச்சியின் வயிற்று நுனியை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும். மரங்களுக்கு எண் போட்டு வெட்டப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அரிய இனம் என்று உறுதியானால், இந்தக் காட்டை வெட்டாதீர்கள் என்று மனுக் கொடுக்க ஒரு ஆதாரம் இருக்கும்.

இரவு காட்டில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்தோம். கொசுதான் வந்தது. ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த தொழிற்சாலையின் வெளிச்சத்தில் வானமே வெளுத்துக் கிடந்தது. எங்கள் விளக்கை எந்தப் பூச்சி மதிக்கும்? ஈரத் தரையில் படுத்துத் தூங்கினோம்.

காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை வாசலுக்குப் போனோம். கேட்டுக்கு உள்ளே, காவலர் அறைச் சுவர் முழுக்கப் பூச்சிகள். சிவகங்கைப் பக்கத்துக் காவலர் நல்ல பையன், உள்ளே விட்டார். பெருக்கிக்கொண்டிருந்த அம்மா சிரித்தார்.

"இன்னாம்மா, நான் பெருக்கித் தள்றத்த நீ பொறுக்கினு கீறே? சம்பளத்துல பாதி எனுக்குக் குட்த்துடு."

சிவகங்கைப் பக்கத்துக் காவலர் நல்ல பையன், உள்ளே விட்டார். அதே காய்ந்த இலை நிறத்தில், உணர்கொம்பு சீப்புப் போல இருந்த ஒன்றை டீச்சர் எடுத்தார். ஆண். மருந்துப் புட்டியில் அது அடங்கியதும் டப்பாவில் வைத்து மூடினார். வெளியே வரும்போது காவலர் குறுக்கே நின்றார்.

"உள்ள இருந்து துரும்பு போனாலும் கேட் பாஸ் வேணும்ணே. சார் கையெழுத்துப் போடணும்."

"செத்த பூச்சிய்யா அது," என்றேன்.

"ஐட்டம் எதுவா இருந்தா என்ன? ரிட்டர்னபிளா, நான்-ரிட்டர்னபிளா, அத மட்டும் சொல்லுங்க."

டப்பா அவர் மேஜையில் தங்கிவிட்டது. சார் மீட்டிங்கில் இருந்தார், பிறகு உற்பத்தி லைனில், பிறகு சாப்பாட்டில். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சரக்கு ஏற்றிய லாரிகள் சல்யூட் வாங்கிக்கொண்டு வெளியேறியபடி இருந்தன. சுவரில் இருந்த மற்ற பூச்சிகளைக் குப்பையோடு கொளுத்தியாகிவிட்டது.

மூன்று மணிக்குக் கையெழுத்து வந்தது. காவலர் டப்பாவை இரண்டு கையாலும் நீட்டினார்.

"இறக்கைல ஒரு பொடி உதிரல மேடம். பாக்கணும்னு வந்தவுகளுக்கு மூடியத் தொறந்து மட்டும் காட்டினேன்."

டப்பாவைச் சாப்பாட்டுப் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறார். உள்ளே எறும்பு. இறக்கைகள் அப்படியே இருந்தன. வயிறு இருந்த இடத்தில் வெறும் கூடு. நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. "பூச்சிதான் முழுசா இருக்கேண்ணே," என்றார் அவர், நிஜமாகவே புரியாமல்.

மறுநாள் டீச்சருக்குக் கல்லூரி, அன்றே கிளம்பினோம். பஸ்ஸில் டப்பாவில் ஒட்டச் சீட்டு எழுதினார்: ஊர், தேதி. இனம் என்ற இடத்தைக் காலியாக விட்டார். அரிய இனத்தின் பெயரையே எழுதிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"நாளைக்கு ஒருத்தர் அத நம்புவாரு தம்பி. வேணாம்."

பஸ் காட்டைக் கடந்தது. நாங்கள் ஒரு கையெழுத்துக்குக் காத்துக் கிடந்த நேரத்தில், சாலையோர மரங்களுக்கெல்லாம் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டு முடித்திருந்தார்கள்.