கௌசல்யாவின் நாவலில் ஓர் அண்ணன்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அயர்ந்திருந்தேன். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. அறைக்குள் பகலா மாலையா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். போன் அடிப்பது கனவில் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்தால் அன்வர்.

"கலா, கௌசி எழுந்திரிக்கலம்மா. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன்" என்றார். நான் போய்ப் பார்த்தபோது தூக்கத்திலேயே போய்விட்டிருந்தாள்.

கௌசல்யாவை உங்களில் சிலர் நாவலாசிரியராக அறிவீர்கள். சிலருக்கு அவள், கோயிலுக்குப் பின்தெருவில் கணவர் அன்வரோடு நடத்திய சின்ன லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்த அம்மா. எழுதியதெல்லாம் அந்த லாட்ஜின் வரவேற்பு மேசையில்தான். நானும் நாவல் எழுதுகிறவள் என்பதால் அடிக்கடி அங்கே போய் எதிரே உட்கார்ந்துகொள்வேன். "நேத்து உன் ஆளு என்ன பண்ணான்?" என்று கேட்பாள். என் நாவலில் வரும் ஆளைத்தான் கேட்கிறாள் என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது.

ஒரு பௌர்ணமிக்கு வந்திருந்த பெரியவர், வெந்நீர் வரவில்லையென்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார். மலையைச் சுற்றிவிட்டு விடியலில் காலைத் தேய்த்துக்கொண்டு வந்தவர், மறுபடியும் வெந்நீர் வரவில்லையென்று வந்து நின்றார். அவர் போனபின் கௌசல்யா மெல்லச் சிரித்தாள். "சண்டை அதேதான் கலா. குரல் மட்டும் கம்மியாயிடுச்சு, கவனிச்சியா? ஒரு அத்தியாயத்துல ஒரு ஆளு அவ்வளவு மாறினா போதும்."

அவளுடைய கடைசி நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழ்பென்னாத்தூரில் விவசாயக் குடும்பம் அவளுடையது. அன்வரைத் திருமணம் செய்துகொண்ட நாளில் அவளுடைய அண்ணன், அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை; தலை நரைக்கும் வரை இல்லை. அந்த அண்ணனைத்தான் அவள் எழுதினாள்.

முதல் வரைவைப் படித்துவிட்டுச் சொன்னேன்: "உன் அண்ணன் முதல் பக்கத்துல எப்படிக் கதவைச் சாத்துறாரோ, கடைசிப் பக்கத்துலயும் அப்படியே நிக்கிறாரு."

"அவன் அப்படித்தான்" என்றாள், கோபமாக.

"நீ பார்த்த அன்னைக்கு அப்படி. அதுக்கப்புறம்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல வாரங்கள் எழுதவில்லை. ஒருநாள், ஏதோ தூக்கத்திலிருந்து பேசுகிறவள்போலச் சொன்னாள்: "கனவுல அவன் ரூம் கேட்டு வரான். ரொம்ப தூரம் நடந்த மாதிரி இருக்கான். நான் சாவியைத் தேடிட்டே இருக்கேன், கிடைக்கவே மாட்டேங்குது."

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிட்டாள். அண்ணனின் உரக்கடைக்கு எதிரே, வேப்பமரத்தடியில் நின்று பார்த்தாளாம். மெலிந்த ஒரு மனிதர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே அழுகையும். அதற்குள் அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார். சாலையைக் கடந்து வந்தார்.

"என்ன, பஸ் கிஸ் நின்னு போச்சா?"

"இல்லண்ணா. சும்மாதான் வந்தேன்."

ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். மழையைப் பற்றியும் வேர்க்கடலையைப் பற்றியும் பேசினார். பழைய பேச்சு எதுவும் வரவில்லை. பஸ் ஏறும்போது எங்கோ பார்த்துக்கொண்டு, "வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று கேட்டாராம்.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள்: "அவரு மாறிட்டாருன்னு எழுதினா பொய். மாறவே இல்லைன்னு எழுதினாலும் பொய்தான். அன்னைக்கு அன்வரை 'அவன்'னு சொன்ன வாய் இன்னைக்கு 'வீட்டுக்காரர்'னு சொல்லுது. அந்த ஒரு வார்த்தைக்கு இவ்வளவு வருஷம் ஆயிருக்கு." பேசி முடித்த பிறகுதான் கவனித்தேன், அவளும் அண்ணனை 'அவரு' என்றிருந்தாள்.

பிறகு நாவலை முதலிலிருந்து எழுதினாள். அண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை, கட்டிக்கொண்டு அழவில்லை. நாவல் வெளிவந்தபின் ஒரு கூட்டத்தில் வாசகர் ஒருவர் எழுந்து, கடைசியிலாவது இருவரையும் சேர்த்துவைத்திருக்கலாமே என்று குறைப்பட்டார். "மனுஷன் திரும்புறது சந்துல லாரி திரும்புற மாதிரிங்க" என்றாள் கௌசல்யா. "கொஞ்சம் முன்ன, கொஞ்சம் பின்ன. பார்க்கிறவங்கதான் பொறுமையா இருக்கணும்."

அவளைக் கிடத்தியிருந்த அன்று லாட்ஜ் வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஆட்டோவில் வந்து இறங்கினார் அண்ணன். உள்ளே போய்த் தங்கை முகத்தை வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து அன்வர் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்வரின் கையில் ஆறிப்போன டீ டம்ளர். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, வேறு டீ வாங்கிவந்து நீட்டினார்.

"குடிங்க மாப்ள. காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலையாமே."

அந்த 'மாப்ள'யை அவள் நாவலில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இப்போது நான் எழுதும் நாவலில் கடுமையான ஒரு தகப்பன் வருகிறார். கடைசியில் அவர் என்ன ஆவார் என்று முடிவெடுத்தே எழுதத் தொடங்கினேன். நேற்று அவர், நான் நினைக்காதபோது எழுந்து போய், தூங்கும் மகளின் முகத்தில் விழுந்த வெயிலை மறைக்க ஜன்னலைச் சாத்தினார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கௌசல்யாவாக இருந்தால் அவசரப்பட்டிருக்க மாட்டாள். நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவளிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது இந்தக் காத்திருப்புத்தான்.